எலும்பு அடர்த்திக் குறைவு: நடையும் கால்சியம் மாத்திரையும் போதுமா?

அனுப்பானடிவாசி:
எனக்கு வயது 57. மாதவிடாய் நின்று ஆறு ஆண்டுகள் ஆகின்றன. சென்ற மாதம் எடுத்த டெக்ஸா ஸ்கேனில் (எலும்பு அடர்த்தியை அளக்கும் ஸ்கேன்) முதுகெலும்பின் டி-ஸ்கோர், அதாவது இளம் வயதினரின் சராசரி அடர்த்தியோடு ஒப்பிடும் அளவு, -2.1 என்று வந்தது. மருத்துவர் காலையும் இரவும் 500 மி.கி. கால்சியம் மாத்திரையும், வாரம் ஒரு முறை பாலில் கலந்து குடிக்க வைட்டமின் டி3 பொடியும் எழுதிக் கொடுத்து, உடற்பயிற்சியும் செய்யச் சொன்னார். எந்தப் பயிற்சி என்று நான் கேட்பதற்குள் அடுத்த டோக்கனை அழைத்துவிட்டார்கள். பத்து ஆண்டுகளாக விடியற்காலையில் வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றி நாற்பது நிமிடம் நடந்து வருகிறேன். அப்படியும் எலும்பு இந்நிலைக்கு வந்ததென்றால் நடையால் பயனே இல்லையா? மாத்திரையை நடப்பதற்கு முன் சாப்பிட வேண்டுமா, பின்பா? காலையில் தைராய்டு மாத்திரையும் உண்டு.

திருமங்கலம் இயன்முறை மருத்துவர்:
அம்மா, நடை வீண்போகவில்லை. ஆனால் பத்து ஆண்டுகளாக ஒரே வேகத்தில், ஒரே தளத்தில் நடக்கும்போது அந்தச் சுமைக்கு எலும்பு பழகிப்போய், புதிதாக வலுவேற்றிக்கொள்ளக் காரணமில்லாமல் இருந்துவிடுகிறது. மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் குறைவதால் தேய்வு விரைவுபடும் காலத்தில் நடை மட்டும் ஈடுகொடுக்காது. உங்கள் அளவு எலும்புப்புரைக்கு (எலும்பு மெலிந்து எளிதில் முறியும் நோய்) முந்தைய நிலை, -2.5ஐத் தொட்டால்தான் எலும்புப்புரை என்பார்கள். ஆகவே நடையோடு, வாரம் இரண்டு மூன்று நாள் தசைக்குச் சுமை தரும் பயிற்சியையும் சேருங்கள்: கையூன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து அமர்வது, சுவரைத் தள்ளுவது, சுவரைப் பிடித்தபடி குதிகாலை உயர்த்தி இறக்குவது, மாடிப்படி ஏறுவது. பழகியபின் கையில் எடை பிடித்து, அதைச் சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும். கூட்டாவிட்டால் மறுபடியும் தெப்பக்குளக் கதைதான். 2018இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வொன்றில், எலும்பு அடர்த்தி குறைந்த பெண்கள் வாரம் இரு முறை அரை மணி நேரம் கனமான எடை தூக்கியதில், எட்டு மாதத்தில் முதுகெலும்பின் அடர்த்தி ஏறக்குறைய 3 சதவீதம் கூடியது. அவர்கள் பயிற்றுநர் கண்காணிப்பில் செய்தார்கள் என்பதை மறக்க வேண்டாம்.

மேலூர் மருந்தாளுநர் (ஓய்வு):
நடைக்கு முன்னா பின்னா என்பது பெரிய விஷயமல்ல. உணவோடு சாப்பிடுகிறீர்களா என்பதே விஷயம். கால்சியம் மாத்திரைகளில் பெரும்பாலும் இருக்கும் கால்சியம் கார்பனேட் கரைய வயிற்றில் அமிலம் வேண்டும் என்பதால் அதைச் சாப்பாட்டுடன் எடுங்கள். தைராய்டு மாத்திரைக்கும் அதற்கும் நான்கு மணி நேர இடைவெளி கட்டாயம் என்பதால், காலைக் கால்சியம் மாத்திரையை மதியச் சாப்பாட்டுக்கு மாற்றலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். உங்கள் வயதில் உணவும் மாத்திரையும் சேர்ந்து நாளொன்றுக்கு 1,200 மி.கி. கால்சியம் போதும். நானூறு மி.லி. பாலிலேயே ஏறத்தாழ 480 மி.கி. கிடைக்கும், ஐம்பது கிராம் கேப்பை மாவில் 170 மி.கி.க்குக் குறையாது, அது முழுவதும் உடலில் சேராவிட்டாலும். இவை அன்றாடம் உண்டென்றால் ஒரு மாத்திரையே போதுமானதாக இருக்கலாம். மிஞ்சினால் சிறுநீரகக் கல் வரக்கூடும். நம் ஊர் வெயிலில் தண்ணீர் குடிக்க மறப்பவர்களுக்குச் சொல்லவே வேண்டாம்.

அழகர்கோவில் சாலைவாசி:
டி3 பொடியைப் பற்றி ஒன்று. ஒரு பொட்டலத்தில் 60,000 யூனிட் இருக்கும். வாரம் ஒன்று என்பதை யாரும் அழுத்திச் சொல்லாததால், என் தாயார் ஒன்றரை மாதம் நாள்தோறும் ஒன்று குடித்து, வாந்தியும் மலச்சிக்கலும் குழப்பமும் வந்து, இரத்தத்தில் கால்சியம் ஏறி மருத்துவமனையில் கிடந்தார். நாட்காட்டியில் கிழமையை வட்டமிட்டு வையுங்கள்.

அனுப்பானடிவாசி:
மூவருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமையை வட்டமிட்டுவிட்டேன். யோகா வகுப்பில் குனிந்து கால்விரலைத் தொடும் ஆசனமும் செய்கிறேன், தொடரலாமா?

திருமங்கலம் இயன்முறை மருத்துவர்:
வேண்டாம், அம்மா. முதுகை வளைத்து முன்னால் குனியும்போது முள்ளெலும்பின் முன்பக்கம் நசுங்குகிறது. அடர்த்தி குறைந்த எலும்பில் விரிசல் அங்கேதான் விழும். முதுகை நிமிர்த்தும் ஆசனங்களை மட்டும் கேட்டு வாங்கிச் செய்யுங்கள். தண்ணீர்க் குடத்தையும் முழங்காலை மடக்கியே தூக்குங்கள்.