மறுமொழி: ஹோமோலோகேஷன் - தமிழில் எப்படிச் சொல்லலாம்?

> ‘தொடர் உற்பத்திச் சான்று’ போதுமே. இத்தனை கார் கட்டியாகிவிட்டது என்பதைத்தானே சரிபார்க்கிறார்கள்?

போதாது. ஹோமோலோகேஷன் என்றால், ஒரு கார் மாடல் குறிப்பிட்ட பந்தய வகையில் சேரும் என்று பந்தய அமைப்பு ஏற்பது. போர்ஷே 917 என்ற பந்தயக் காருக்கு 1969-இல் 25 கார் கேட்டார்கள், ஆலை முற்றத்தில் 25-ஐயும் வரிசையாக நிறுத்திக் காட்டினார்கள். அங்கே உங்கள் சொல் பொருந்தும். 1994-இல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தின் ஜிடி1 (சாலைக் காரை அடிப்படையாகக் கொண்ட வகை) விதியில் எண்ணிக்கையே இல்லை. சாலையில் ஓட்டத்தக்க வடிவம் ஒன்று இருந்தால் சரி.

நியூரம்பெர்க்கின் யோகென் டாவர், பந்தயக் காரான போர்ஷே 962-ஐச் சாலைக் காராக்கி 1993 ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் வைத்திருந்தார். அதையே ஜிடி கார் என்று போர்ஷே களத்தில் இறக்கியது. விதியை மீறவில்லை, விதியின் இடுக்கில் நுழைந்தார்கள்!

ஜிடிக்கு அடிப்பகுதி தட்டையாக இருக்க வேண்டும். 962-இன் அடியில் காரைத் தரையோடு இழுத்துப் பிடிக்கும் காற்றுக் குகைகளை அதனால் இழந்தார்கள், டயரும் குறுகல். வளைவில் நஷ்டம். ஆனால் புரோட்டோடைப்புக்கு (பந்தயத்துக்கென்றே கட்டும் கார்) 80 லிட்டர் டாங்க், ஜிடிக்கு 120. பெட்ரோலுக்காகப் பிட்டுக்குள் வருவது குறைந்தது. வெற்றி பெற்ற 36-ஆம் எண் கார் (ஓட்டியவர்கள் டால்மாஸ், ஹேவுட், பால்டி) 344 சுற்று. முன்னிலையில் இருந்த டொயோட்டாவுக்குக் கடைசி நேரத்தில் கியர் இணைப்பு உடைந்ததும் உதவியது.

> அப்படியானால் ‘தகுதிச் சான்று’?

அது எஃப்.சி. வாங்கப்போகும் லாரிக்கு. அங்கே பார்ப்பது ஒரு வண்டியின் நிலையை. இங்கே ஒரு மாடலின் அளவுகளையும் பாகங்களையும் படிவத்தில் பதிந்து, ‘இந்த வகையில் சேரும்’ என்று அமைப்பு ஏற்கிறது. பிறகு களத்துக்கு வரும் ஒவ்வொரு காரும் அந்தப் படிவத்தோடு ஒத்துப்போக வேண்டும். எனவே: வகையேற்பு.

> வினையாக்கினால் ‘வகையேற்றிய கார்’ வரும். சரக்கு ஏற்றியது போல இருக்கிறது.

உண்மைதான். ‘வகையேற்பு பெற்ற கார்’ என்றே எழுதுவோம். படிவம், வகையேற்புப் படிவம். அரசு தரும் சாலை அனுமதியைச் ‘சாலை வகையேற்பு’ என்று பிரித்துவிடலாம். டாவர் விஷயத்தில் இரண்டும் சேர்ந்தே வருவதால் அடைமொழி கட்டாயம்.

விதிக்காகவே கட்டும் சாலைக் காருக்கு ‘வகையேற்புக் கார்’ என்றால் குழப்பம். ‘விதிக்கார்’ எப்படி?