தராசு லைப்ரரியை பைத்தானில் அழைத்தால் செக்மென்டேஷன் ஃபால்ட்

துறைமுகம் (கடலூர் முதுநகர்):
மீன் ஏலக்கூடத் தராசுக்கு, விற்றவர்கள் சி-யில் எழுதிய ஒரு எஸ்ஓ ஃபைலும் (.so, கம்பைல் செய்த லைப்ரரி) அதன் ஃபங்ஷன்களின் டைப்களைச் சொல்லும் ஹெடரும்தான் கொடுத்தார்கள். சோர்ஸ் இல்லை. 64 பிட் உபுண்டுவில் சிடைப்ஸ் (ctypes, பைத்தானிலிருந்து சி லைப்ரரியை அழைக்கும் மாட்யூல்) வழியாக அழைக்கிறேன். லோட் ஆகிறது. ‘திற’ ஃபங்ஷனுக்கு போர்ட் பெயரை ஸ்ட்ரிங்காகக் கொடுத்தால் 0. பைட்ஸாக மாற்றினால் -928927040. திறந்த தராசைக் குறிக்கும் அந்த ஹேண்டிலை ‘எடை’க்குக் கொடுத்ததும் செக்மென்டேஷன் ஃபால்ட் (தொடக்கூடாத மெமரியைத் தொட்டு புரோகிராம் விழுகிறது). அதே ஃபைல் சி புரோகிராமில் 24.35 கிலோ என்று ஒழுங்காகக் காட்டுகிறது. லைப்ரரியில் கோளாறா?

வில்லியனூர்:
லைப்ரரி மேல பழி போடாதீங்க. சிடைப்ஸ் ஹெடரைப் படிக்காது. டைப் என்னன்னு நாமதான் சொல்லணும். சொல்லலேன்னா எந்த ஃபங்ஷனும் 32 பிட் இன்ட் தருதுன்னு எடுத்துக்கும். ‘திற’ தர்றது 64 பிட் பாயிண்டர், அதாவது மெமரி முகவரி. மேல்பாதி வெட்டுப்பட்டு, மிச்சம்தான் உங்க மைனஸ் எண்.

அந்த 0 வேற கதை. பைத்தான் ஸ்ட்ரிங் அகல எழுத்தா போகும், லினக்ஸ்ல எழுத்துக்கு 4 பைட். போர்ட் பெயர்ல முதல் ‘/’ முடிஞ்சதுமே சைபர் பைட் வந்துடும். சி அதோட பெயர் தீர்ந்ததுன்னு நிறுத்திக்கும். பைட்ஸா மாத்தினது சரிதான்.

‘திற’வுக்கு ரெஸ்டைப் (restype, திருப்பித் தர்ற டைப்) சி_வாய்ட்_பி (c_void_p, பாயிண்டர்), ‘எடை’க்கு சி_டபுள் (c_double, தசம எண்).

நெல்லிக்குப்பம்:
அது பாதிக் கிணறுதான். சி_வாய்ட்_பி போட்டாலும் ஹேண்டில் கைக்கு வர்றது வெறும் பைத்தான் எண்ணாத்தான். ‘எடை’க்கு ஆர்க்டைப்ஸ் (argtypes, உள்ளே கொடுக்கிற ஆர்க்யுமென்ட்களோட டைப்) இல்லேன்னா உள்ளே போகும்போது மறுபடி 32 பிட்டுக்கு வெட்டுப்படும். ஒரே ஆர்க்யுமென்ட் ஆனாலும் லிஸ்டா கொடுங்க.

துறைமுகம்:
ரெண்டும் போட்டேன் அண்ணா, அதே மைனஸ் எண். லைப்ரரி பெயருக்குப் பக்கத்தில் சதுர அடைப்பில் ஃபங்ஷன் பெயரைக் கொடுத்து ரெஸ்டைப் வைத்தேன். அழைப்பதும் அப்படியேதான்.

வில்லியனூர்:
மாட்டினது அங்கேதான்! சதுர அடைப்புல எடுத்தா ஒவ்வொரு தடவையும் புது ஃபங்ஷன் ஆப்ஜெக்ட் பிறக்கும். நீங்க ரெஸ்டைப் வச்சது ஒண்ணு, அழைச்சது இன்னொண்ணு. புள்ளி வச்சு எடுத்தா முதல் தடவை கிடைச்சதையே ஞாபகம் வச்சுக்கும். இல்லேன்னா ஒரு வேரியபிள்ல போட்டு அதையே அழைங்க.

துறைமுகம்:
24.35 வந்துவிட்டது! ‘மூடு’ அழைக்கும்போது மட்டும் விழுகிறது.

நெல்லிக்குப்பம்:
அதுக்கும் ஆர்க்டைப்ஸ் போடணுமே தம்பி. அது எதையும் திருப்பித் தராதுன்னா ரெஸ்டைப் None. இன்னும் விழுந்தா பைத்தானை ஃபால்ட்ஹேண்ட்லரோட ஓட்டுங்க, எந்த வரியில விழுதுன்னு காட்டிடும்.