மர்மக் கதையிலை இன்னும் உறுத்துற ஒரு இடம்

பனங்கூடல்:
கதை முழுக்க வேண்டாம். புத்தகமோ படமோ நாடகமோ, உங்களை விடாமல் பிடிச்சு வைச்சிருக்கிற ஒரே ஒரு இடத்தைச் சொல்லுங்கோ.

எனக்கு 'அந்த நாள்', 1954. தொடங்கின கையோட ஒரு வெடி. சிவாஜி தள்ளாடி விழுறார். கதாநாயகன் முடிஞ்சுது. பாட்டு ஒண்டும் இல்லை. பிறகு ஜாவர் சீதாராமன் அந்த வீட்டுக்குள்ளை ஒவ்வொருத்தரா விசாரிக்கிறார், ஆளுக்கொரு கதை வருது. 1943இலை ஜப்பான்காரன் சென்னையிலை குண்டு போட்ட காலம். (எங்கடை பக்கம் அவன் அதுக்கு முதலே, 1942 ஏப்ரலிலை, கொழும்புக்கும் திருகோணமலைக்கும் வந்திட்டுப் போயிட்டான்.)

சுட்டது ஆர் எண்டு தெரிஞ்சுகொண்டு பார்த்தாலும் எழும்ப ஏலாது. ஏன்? ஒவ்வொரு வாக்குமூலத்திலையும் செத்தவன் வேறை ஆளா வாறான். ரேடியோ எஞ்சினியர், அண்ணன், புருசன், இன்னொருத்தியின்ரை ஆள். "ஆர் சுட்டது" எண்ட கேள்வி அரைவாசியிலை "இவன் ஆர்" எண்டு மாறுது. முதல் கேள்விக்கு விடை தெரிஞ்சிருந்தாலும் ரெண்டாவது மிச்சம் கிடக்கும்.

வடமராட்சியான்:
'அந்த நாள்' எடுத்த எஸ். பாலச்சந்தர் எண்டு தொடங்கினால் அவரின்ரை 'பொம்மை' படத்தை விடலாமோ அண்ணை? 1964. பொம்மைக்குள்ளை குண்டு. அது கை மாறி கை மாறிப் போகுது. எங்களுக்குத் தெரியும், தூக்கிக்கொண்டு போறவைக்குத் தெரியாது. எனக்கு ஒவ்வொரு கைமாற்றமும்தான் அந்த இடம்.

ஆனால் நீங்கள் சொன்ன காரணத்தோட எனக்கு ஒத்துவராது. விடை தெரிஞ்சால் மர்மம் போகும், பதைப்பு வரும். ரெண்டும் ரெண்டு சாமான். பதைப்புக்குப் பார்க்கிறவனுக்கு மூண்டு விசயம் முதலே தெரியவேணும்: என்ன நடக்கப்போகுது, எங்கை, எத்தினை மணிக்கு. மூண்டாவது இல்லாட்டி பொம்மை சும்மா ஊர்வலம் போற மாதிரித்தான் இருக்கும்.

ஹிட்ச்காக்கின்ரை 'சபோட்டாஜ்' (1936) பாருங்கோ. ஒரு பெடியன் குண்டுப் பொதியையும் படச்சுருள் பெட்டியையும் கொண்டு போறான். 1.45க்கு வெடிக்கும். வழியிலை பற்பசை விக்கிறவன் ஒருத்தன் பெடியனைப் பிடிச்சு இருத்தி, சனத்துக்கு முன்னாலை பல்லு விளக்கிக் காட்டுறான். பிறகு வீதியை மறிச்சு ஊர்வலம். ரெண்டு தடையும் பெடியன்ரை பிழை இல்லை, அதைக் கவனியுங்கோ. அவனாக எங்கையாவது நிண்டு விளையாடினால் எங்களுக்கு அவனிலை கோபம் வரும், பதைப்பு வராது. கடைசியா பஸ்ஸிலை ஏறுறான். வெடிக்குது. பெடியனும் போறான். அந்தப் பெடியனைச் சாகடிச்சது தன்ரை பிழை எண்டு ஹிட்ச்காக்கே பின்னுக்குப் பிரெஞ்சு இயக்குநர் ட்ரூஃபோவுக்குச் சொன்னவர். பார்க்கிறவனை அவ்வளவு நேரம் இறுக்கிப்போட்டு இறக்கி விடாமல் விட்டால் அவன் படத்தோட கோவிப்பான்.

பஸ்ஸிலை ஆளில்லாத பொதியைக் கண்டால் கத்தவேணும் எண்டு பழகின நாட்டிலை அந்தக் காட்சியை ஆரும் பொழுதுபோக்கா எடுக்கமாட்டினம். அது வேறை கதை.

பழையபேப்பர்:
நீங்கள் எல்லாரும் படத்திலை நிக்கிறியள். மாத நாவலுக்கு வாங்கோ.

உறுத்துற இடம்: 94ஆம் பக்கம். ராஜேஷ்குமாரின்ரை துப்பறிவாளர் விவேக் எல்லாரையும் கூட்டி இருத்தி "கொலையைச் செய்தது..." எண்டு தொடங்குவார். அடுத்த தாள் இல்லை.

இது தற்செயல் இல்லை, கட்டினதிலை உள்ள குறை. நடுவிலை கம்பி அடிச்ச 96 பக்கப் புத்தகத்திலை ஒரு தாளுக்கு நாலு பக்கம், எல்லாமா 24 தாள். ஆக வெளியிலை இருக்கிற தாளிலை 1, 2, 95, 96. அடுத்ததிலை 3, 4, 93, 94. அட்டை கழண்டால் அடுத்து போறது முதல் தாள். அதோட 95உம் 96உம் சேர்ந்து போகும். மர்ம நாவலிலை விளக்கம் கிடக்கிறது அங்கைதான். எங்கடை காலநிலையிலை கம்பி துருப்பிடிச்சுத் தாளை அரிச்சுப்போடும், கைமாறி வாசிச்ச புத்தகம் ரெண்டு மாரி தாங்காது. இரவல் வாங்கேக்கை முதல் பக்கத்தைப் பாருங்கோ. முதல் பக்கமும் இல்லை, கடைசியும் இல்லை எண்டால் தாள் தானாக் கழண்டது. முதல் பக்கம் இருக்கு, கடைசி மட்டும் இல்லை எண்டால் ஆரோ வேணுமெண்டு கிழிச்சிருக்கினம். துப்பறியிற வேலை அங்கையே தொடங்குது.

வைச்சிருக்கிறவைக்கு: துருக்கம்பியை நகத்தாலை இழுக்காதேங்கோ, தாள் கிழியும். நடுப்பக்கத்திலை மடிஞ்சிருக்கிற கம்பி நுனியளை மெல்லிய கத்தி நுனியாலை நிமித்திப்போட்டு வெளிப்பக்கத்தாலை எடுங்கோ. அதே ஓட்டையிலை பருத்தி நூலைக் கோத்து நடுவிலை முடிச்சுப் போட்டால் காணும். ஒட்டுநாடா வேண்டாம். சில வருசத்திலை மஞ்சளாகி எழுத்தையும் சேர்த்துக்கொண்டு வரும்.

ராஜேஷ்குமார் கதையளிலை ரெண்டு தடம் சமாந்தரமா ஓடும், ஒரு அத்தியாயம் இங்கை, மற்றது அங்கை. சந்திக்கிற இடம் கடைசியிலை. அதாலை அவரின்ரை புத்தகத்திலை கடைசித் தாள் போனால் ரெண்டு கதையும் சேர்ந்து போகும். வேறை ஆக்களின்ரை எண்டால் ஒண்டுதான் போகும்.

சுன்னாகத்தாள்:
கடைசித் தாளிலைதான் எல்லாம் இருக்கெண்டால் அது நல்ல மர்மக் கதை இல்லை, பழையபேப்பர் அண்ணா. விடை புத்தகத்தின்ரை நடுவிலையே கிடக்கவேணும், வாசிக்கிறவன் தாண்டிப் போயிருக்கவேணும். கடைசித் தாள் உறுதிப்படுத்த மட்டும்.

அகதா கிறிஸ்டியின்ரை 'ரோஜர் அக்ராய்ட் கொலை', 1926. கதை சொல்லுற டொக்டர் எழுதுறார்: கடிதம் உள்ளுக்கு வந்தது 8.40க்கு, நான் அறையை விட்டு வெளிக்கிட்டது 8.50க்கு. இடையிலை என்ன நடந்தது எண்டு ஒரு வரியும் இல்லை. பொய் ஒரு சொல்லும் இல்லை. அந்தப் பத்து நிமிசம்தான் எனக்கு.

இப்பிடிப் புத்தகத்தை எப்பிடி வாசிக்கிறது எண்டு சொல்லுறன். ஒரு தாளிலை நாலு நிரல் கீறுங்கோ: நேரம், எங்கை, சொன்னது ஆர், அதைக் கண்ட ரெண்டாவது ஆள் ஆர். நாலாவது நிரல் வெறுமையா இருக்கிற வரியள் மட்டும்தான் உங்களுக்கு வேலை. இதிலை டொக்டர் 8.50க்கு வெளிக்கிடுறார், படலையடிக்கு வரேக்கை ஒன்பது மணி. நடந்தால் அஞ்சு நிமிசத் தூரம். மிச்ச அஞ்சு நிமிசம் எங்கை? தாளிலை எழுதாமல் வாசிச்சால் இந்த இடைவெளி கண்ணிலை படாது. 8.50, 9.00 ரெண்டும் வெவ்வேறை பந்தியிலை கிடக்குது.

ரெண்டாவது, இடம் மாறின சாமான். அந்த அறையிலை ஒரு கதிரை சுவரோரத்திலை இருந்து முன்னுக்கு இழுபட்டிருக்கு. வேலைக்காரன் சொல்லுறான், ஒருத்தரும் கணக்கெடுக்கேல்லை. வாசலிலை நிக்கிறவனுக்கு மேசையிலை இருக்கிற குரல்பதிவுக் கருவியை மறைக்கத்தான் அது. கொலைகாரனுக்கு ஒரு சாமானை மறைக்க இன்னொரு சாமானை அசைக்கவேண்டி வரும். அதாலை வேலைக்காரன், சமையல்காரி, தோட்டக்காரன் சொல்லுற சின்னச் சின்ன விசயங்களைத் தாண்டாதேங்கோ. இப்பிடிக் கதையளிலை பெரிய மனிசர் சொல்லுறது பெரும்பாலும் தங்கடை சோலி, வேலைக்காரர் சொல்லுறது வீடு.

மூன்றாவது, "எல்லாரிலையும் சந்தேகம் வராத ஆள்தான் கொலைகாரன்" எண்ட குறுக்கு வழியை விடுங்கோ. எழுதுறவைக்கும் அது தெரியும்.

மூன்றாம்சுற்று:
அக்கா, ஏன் இப்பிடிப் போட்டு உடைக்கிறியள்? வாசிக்காத ஆக்கள் இருக்கினம். அதே எழுத்தாளர்தான், 'மௌஸ்ட்ராப்' நாடகம் லண்டனிலை 1952இலை தொடங்கினது. முடிவிலை சனத்தைப் பார்த்து "வெளியிலை போய்ச் சொல்லாதேங்கோ" எண்டு கேட்கிற வழக்கம் அதிலை இருக்கு. நீங்கள் கதிரை வரைக்கும் சொல்லிப்போட்டியள்.

சுன்னாகத்தாள்:
தம்பி, 1926இலை வந்த புத்தகம்.

மூன்றாம்சுற்று:
நான் 1926இலை பிறக்கேல்லையே.

கொடிகாமத்துச் சந்தை:
உந்தச் சண்டையை விடுங்கோ. 'பாபநாசம்' படம், கட்டிக்கொண்டிருக்கிற பொலிஸ் நிலையத்துக்குள்ளை இருந்து கதாநாயகன் மண்வெட்டியோட வெளியிலை வாற அந்த ஒரு காட்சி. இவ்வளவு நேரமும் எங்கடை கண்ணுக்கு முன்னாலை இருந்த கட்டடம்! பின்னணி எண்டு விட்டிட்டம். பிணம் அதுக்குள்ளை எண்ட முடிவு தெரிஞ்சு மறுபடி பார்த்தால் அந்தக் கட்டடம் வாற நேரமெல்லாம் வயித்துக்குள்ளை ஏதோ செய்யும். ஆகவே பனங்கூடல் சொல்லுறது சரி, வடமராட்சியான் சொல்லுறதும் சரி.

மூலம் மலையாளத் 'திருஷ்யம்', 2013. தமிழ் 2015. சிங்களத்திலை 'தர்மயுத்தய' எண்டு 2017இலை ஜாக்சன் அந்தனி நடிச்சு வந்தது, கனபேருக்குத் தெரியாது. மூண்டையும் பார்த்தால் கதையின்ரை எலும்பு ஒண்டுதான் எண்டு விளங்கும். அந்த எலும்பு என்னெண்டால், வீட்டிலை நடந்த கொலையை மறைக்கக் குடும்பம் சொல்லுறதிலை பயணம் உண்மை, சாப்பிட்ட கடை உண்மை, படம் பார்த்தது உண்மை. பொய் திகதி மட்டும்தான். அதுக்குத் தகப்பன் என்ன செய்யிறார்? பிறகு அதே ஆக்களிட்டைத் திரும்பப் போய், கதையோட கதையா "அண்டைக்கு ரெண்டாம் திகதி வந்தமே" எண்டு போடுறார். கடைக்காரனுக்கு இவையள் வந்தது ஞாபகம் இருக்கு, எப்ப எண்டு இல்லை. வெறுமையா இருந்த இடத்திலை இவர் சொன்ன திகதி போய் இருந்திடும். பேந்து பொலிஸ் கேட்டால் அவன் பொய் சொல்லேல்லை, தன்ரை ஞாபகத்தைத்தான் சொல்லுறான். அடிச்சாலும் மாறாது.

இது எங்கை உடையும்? வழக்கமா ஒரே வேலை செய்யிறவனிட்டை மட்டும்தான் இது சரிவரும். தேத்தண்ணிக் கடைக்காரனுக்கு எல்லா நாளும் ஒரே நாள். அண்டைக்குக் கடையிலை ஒரு செத்தவீட்டுக் கதை, ஒரு கோயில் கொடியேற்றம், சம்பள நாள் எண்டு ஏதாவது இருந்தால் திகதி ஆணி அடிச்ச மாதிரி நிக்கும், அதை ஒருத்தராலையும் நகர்த்த ஏலாது. நல்லூர்த் திருவிழா நேரத்திலை யாழ்ப்பாணத்திலை இந்த வேலையைச் செய்து பாருங்கோ, "அது பதின்மூண்டாம் திருவிழா" எண்டு ஆச்சியே திருத்திப்போடும். மற்றது, வீட்டிலை எல்லாரும் ஒரே வசனத்தைச் சொன்னால் கேட்கிறவனுக்கு மணந்திடும். உண்மையா நடந்ததை நாலு பேர் நாலு விதமாத்தான் சொல்லுவினம்.

இப்ப எழுதுறவைக்கு இந்தக் கதை சரிவராது. கொழும்பு பஸ்ஸுக்கு இருக்கை பதிஞ்சாலே திகதியும் நேரமும் குறுஞ்செய்தியா வந்து இருக்கும். கடைக்குள்ளை கமரா. தொலைபேசி எந்தக் கோபுரத்தோட இருந்தது எண்டு எடுக்கலாம். படத்திலையே செத்தவன்ரை தொலைபேசியை லொறியிலை எறிஞ்சு அனுப்புறார், ஆனால் தங்கடை தொலைபேசி? எழுத விரும்புற பிள்ளையள் கதையை 1980களுக்குத் தள்ளுங்கோ, அல்லது திகதியை விட்டிட்டு வேறை ஒண்டை நகர்த்தப் பாருங்கோ. ஆளை நகர்த்தலாம்: "அண்டைக்கு வந்தது இவர்தான்" எண்டு.

நாற்சந்தி:
எல்லோரும் விடை கிடைத்த கதைகளையே சொல்கிறீர்கள். சுஜாதாவின் 'கொலையுதிர் காலம்' நினைவிருக்கிறதா? கணேஷ் அறிவியலின் பக்கம், வசந்த் மறுபக்கம். ஒளியால் உருவம் காட்டும் ஹோலோகிராம் என்ற விளக்கம் வந்த பிறகும் பேய் முழுதாக வெளியேறுவதில்லை. அந்த மிச்சம்தான் எனக்கு. சுன்னாகத்தாள் சொல்லும் நாலு நிரல் தாள் இங்கே உதவாது. ஒவ்வொரு வரிக்கும் இரண்டு விளக்கம் பொருந்தும்படி எழுதப்பட்டிருக்கிறது. இப்படி எழுதுவது கடினம். ஒரே ஒரு சம்பவம் ஒரு பக்கம் மட்டும் சாய்ந்துவிட்டால் மற்ற விளக்கம் செத்துவிடும்.

ஒற்றைக்காது:
'விடாது கருப்பு' தொலைக்காட்சித் தொடர். குதிரைக் குளம்புச் சத்தம். குதிரை வரமுதல் சத்தம் வரும், அவ்வளவுதான்.

ஆனால் இப்ப ஆக்கள் மடிக்கணினியிலை மர்மப் படம் பார்த்துப்போட்டு "பயமே இல்லை" எண்டுகினம். பயம் இல்லாமல் போனது படத்தாலை இல்லை. மடிக்கணினி ஒலிபெருக்கி 150, 200 ஹெர்ட்ஸுக்குக் கீழை ஒண்டும் ஒழுங்காத் தராது. உறுமல், இடி, குளம்பின்ரை அடிப்பகுதி எல்லாம் அங்கைதான் இருக்கு. பத்தாயிரம் ரூபா ஒலிபெருக்கி வேண்டாம், காதை மூடுற சாதாரண ஹெட்போன் காணும்.

ரெண்டாவது, கோப்பு 5.1ஆ, அதாவது ஆறு ஒலிவழியா, இருந்தால் கதைக்கிற குரல் நடு வழியிலை இருக்கும். ரெண்டு ஒலிபெருக்கியிலை அது சரியாக் கலக்காட்டி குரல் தாழும், இசை மட்டும் கத்தும். சனம் உடனே சத்தத்தைக் கூட்டும், பிறகு வெடி வரேக்கை குறைக்கும். அந்தக் கை ஆட்டத்திலையே பதைப்பு போயிடும். மூன்றாவது, தொலைக்காட்சியிலை "இரவு முறை" எண்டு ஒண்டு இருக்கு. அது மெல்லிய சத்தத்தைக் கூட்டி, பெரிய சத்தத்தைக் குறைக்கும். பிள்ளை நித்திரை எண்டால் நல்லது. மர்மப் படத்துக்கு அது நஞ்சு. அமைதிக்கும் அதிர்ச்சிக்கும் இடையிலை உள்ள தூரத்தை அது அரைவாசியாக்கிப்போடும்.

பனங்கூடல்:
ஒற்றைக்காது தம்பி, அந்த 5.1ஐ ரெண்டாக்கிறது எங்கை?

ஒற்றைக்காது:
படம் ஓட்டுற விஎல்சி மென்பொருள் எண்டால் மேலை ஒலி மெனுவிலை ஸ்டீரியோ முறை இருக்கு, அதிலை ஸ்டீரியோவைத் தெரியுங்கோ. கருவிகள் மெனுவிலை விளைவுகளுக்குள்ளை போனால் கம்ப்ரசர் இருக்கும், இரவு முறை மாதிரித்தான், அது போட்டிருந்தால் நிப்பாட்டுங்கோ. குரல் இன்னும் தாழ்வா இருந்தால் ஒலித்தடத்தை மாத்திப் பாருங்கோ. சில கோப்பிலை ரெண்டாவது தடமா ஸ்டீரியோவும் கிடக்கும். 'அந்த நாள்' பார்க்கிறதுக்கு உது ஒண்டும் தேவையில்லை அண்ணை, அது ஒற்றைத் தடம். ரெண்டு காதிலையும் ஒண்டுதான் கேட்கும்.