ஹிப்னாடிசம் போய் சிகரெட்டை விட்டவர்கள், உடம்பு குறைத்தவர்கள் இருந்தால் அனுபவத்தைச் சொல்லுங்கள்

செம்பனை லோரி:

வணக்கம். மலேசியாவில் பெஸ்தாரி ஜெயாவிலிருந்து எழுதுகிறேன், நம் ஆட்கள் பாதிப் பேர் இன்னும் பழைய பெயரில் பத்தாங் பெர்ஜுந்தை என்றுதான் சொல்வார்கள். தோட்டத்திலிருந்து எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றுகிற லோரி ஓட்டுகிறேன். 22 வருஷமாக ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட் ஊதினேன், இப்போது விட்டு 14 மாதம் ஆகிறது. ஹிப்னாடிசத்தால் விட்டாயா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். ஆமாம் என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. அதனால் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

என் பிரச்சினை ஆலை வாசல்தான். தராசுக்கு முன்னால் லோரி வரிசை நிற்கும், சீசன் நேரத்தில் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம்கூட ஆகும். இறங்கி டயர் ஓரமாக உட்கார்ந்தால் கை தானாகச் சட்டைப் பைக்குப் போய்விடும். வீட்டில், கோயிலில் எல்லாம் சமாளிப்பேன். அந்த வரிசையில் மட்டும் முடியாது.

கிள்ளானில் ஒருவர் ஒரே தடவை உட்கார்ந்தால் போதும், வாழ்நாள் முழுக்க விட்டுவிடலாம் என்று விளம்பரம் போட்டிருந்தார். 650 வெள்ளி (ரிங்கிட்). என் வீட்டுக்காரி யோசிக்காமல் எடுத்துக் கொடுத்தாள். சாய்வு நாற்காலியில் உட்கார வைத்து மேலே சீலிங்கில் ஒரு புள்ளியைப் பார்க்கச் சொன்னார், கண் தானாக மூடியது, பத்திலிருந்து ஒன்றுவரை எண்ணினார். தூங்கிவிடுவேன் என்றுதான் நினைத்திருந்தேன், தூங்கவில்லை. வெளியே மோட்டார் போகிற சத்தம் கேட்டது, அவர் பேசுவதும் கேட்டது. வலது கையில் பலூன் கட்டியிருப்பதாக நினைக்கச் சொன்னார், கை மெல்ல மேலே எழும்பியது. நானேதான் தூக்குகிறேன் என்று தெரியும், ஆனாலும் தூக்குகிற மாதிரி இல்லை. அப்புறம், உங்களுக்குத் தெரிந்த மோசமான நாற்றம் எது, அதை நினைத்துக்கொள்ளுங்கள் என்றார். எனக்கு உடனே ஒட்டுப்பால், அதாவது உறைந்துபோன ரப்பர் பால், ஞாபகம் வந்தது. எங்கள் தோட்டத்தில் செம்பனை வருவதற்கு முன்னால் எல்லாம் பால் மரம்தான், மழையில் நனைந்து மூட்டையில் நாலைந்து நாள் கிடந்த ஒட்டுப்பால் எப்படி நாறும் என்று தோட்டத்தில் பிறந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொரு சிகரெட்டிலும் அந்த நாற்றம் வரும் என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

உண்மையாகவே வந்தது. சரியாக 19 நாள் சிகரெட்டைத் தொடவில்லை. இருபதாம் நாள் சித்தப்பா இறந்துவிட்டார், சாவு வீட்டில் விடிய விடிய உட்கார்ந்திருந்தோம், யாரோ நீட்டினார்கள், வாங்கிவிட்டேன். ஒட்டுப்பால் நாற்றம் வரவே இல்லை. காலையில் பாக்கெட் வாங்கினேன்.

திரும்பப் போனபோது அவர் சொன்னது, உங்களுக்கு நம்பிக்கை போதவில்லை, இன்னும் 400 வெள்ளி கட்டினால் பலப்படுத்தலாம். எனக்கு அன்று வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. விளம்பரத்தில் ஒரே தடவை என்று போடுவது, நடக்காவிட்டால் வந்தவன் தலையில் பழியைப் போடுவது, இது நியாயமே இல்லை. குடும்பத்துக்கு ஆகிற காசு அது.

அதற்கப்புறம்தான் அரசாங்கக் கிளினிக்கில் புகை நிறுத்துகிற பிரிவுக்குப் போனேன். ஒரு சின்னக் கருவியில் மூச்சைப் பிடித்து ஊதச் சொன்னார்கள், ரத்தத்தில் எவ்வளவு கார்பன் மோனாக்சைடு ஏறியிருக்கிறது என்று அது காட்டுமாம். எனக்கு 19 காட்டியது, புகைக்காதவருக்கு ஆறுக்குக் கீழேதான் இருக்குமாம். பிறகு ஒரு கேள்வி கேட்டார்கள், காலையில் எழுந்து எத்தனை நிமிஷத்தில் முதல் சிகரெட்? அஞ்சு நிமிஷம்கூட ஆகாது என்றேன். அந்த நர்ஸ் பொறுமையாக விளக்கினார்: உடம்பில் இருக்கிற நிக்கோட்டின் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் பாதியாகிவிடும், ராத்திரி முழுக்க இறங்கிக்கொண்டே வரும், அதனால்தான் எழுந்ததும் உடம்பு கேட்கிறது, எவ்வளவு சீக்கிரம் கேட்கிறதோ அவ்வளவு பிடிப்பு. 22 வருஷத்தில் யாரும் எனக்கு இதைச் சொன்னதில்லை. நாற்றத்தை நினைத்தால் இந்தக் கேட்பு போய்விடுமா? அதற்குத் தோலில் ஒட்டுகிற நிக்கோட்டின் பட்டையும் நிக்கோட்டின் சூயிங் கம்மும் கொடுத்தார்கள்.

ஆனால் ஹிப்னாடிசத்தையும் நான் விடவில்லை. என் மகள் தாதிமை படிக்கிறாள், அவள்தான் தேடிப் படித்துச் சொன்னாள். நியூயார்க்கில் ஹெர்பர்ட் ஸ்பீகல் என்று ஒரு மனநல மருத்துவர், 1970ல் ஒரு முறையை எழுதியிருக்கிறார், ஆள் தானே தனக்குச் சொல்லிக்கொள்கிற மூன்று எண்ணங்கள்: புகை என் உடம்புக்கு விஷம், உயிரோடு இருக்க எனக்கு இந்த உடம்பு வேண்டும், அதனால் இதை மதித்துக் காப்பாற்றுவது என் கடமை. தராசு வரிசையில் லோரிக் கதவைச் சாத்திக் கண்ணை மூடி, கிள்ளானில் கற்ற மாதிரியே பத்திலிருந்து எண்ணி, இந்த மூன்றையும் தமிழில் சொல்லிக்கொள்வேன். இரண்டு நிமிஷம்தான். ஒரு நாளைக்கு ஆறு ஏழு தடவை. முதல் மூன்று நாள் பட்ட பாடு கொஞ்சமல்ல, மூன்றாவது வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

எது உதவியது? பட்டையா, மூன்று எண்ணமா, ரெண்டும் சேர்ந்தா? எனக்குத் தெரிந்தவரை, பட்டை இல்லாமல் அந்த மூன்று நாளைத் தாண்டியிருக்க மாட்டேன், கண்மூடல் இல்லாமல் அந்த வரிசையைத் தாண்டியிருக்க மாட்டேன். ஆராய்ச்சி பற்றியும் மகள் காட்டினாள். 2019ல் காக்ரேன் என்கிற அமைப்பு 14 ஆய்வுகளை, மொத்தம் 1,926 பேர், சேர்த்துப் பார்த்திருக்கிறது. மற்ற ஆலோசனை முறைகளைவிட ஹிப்னாடிசம் கூடுதலாகப் பலன் தரும் என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்பதுதான் முடிவு. இதைப் படித்துவிட்டா 650 வெள்ளி கொடுத்தேன், இல்லையே.

இன்னொன்று, விட்ட பிறகு எனக்கு 5 கிலோ ஏறிவிட்டது. நிக்கோட்டின் பசியை அடக்கி வைத்திருக்குமாம், நிறுத்தினால் முதல் வருஷத்தில் நாலைந்து கிலோ ஏறுவது சகஜம் என்று கிளினிக்கிலேயே சொன்னார்கள். இதற்கு ஹிப்னாடிசம் போனவர்கள் இருக்கிறீர்களா?

லயத்து மல்லிகை:

நான் போனேன் அண்ணே. தொழிற்சாலையில் நின்றுகொண்டே செய்கிற வேலை, 84 கிலோ, சர்க்கரை எல்லைக்கோட்டில். வயிற்றைச் சுற்றிப் பட்டி போட்டுச் சுருக்கியதாக நம்ப வைக்கிற முறை ஒன்று உண்டு, உண்மையான ஆபரேஷன் இல்லை, எல்லாம் மனதில்தான். ஆறு தடவை போனேன். வயிறு ஒரு ஆரஞ்சுப் பழம் அளவுதான் என்று சொல்லிச் சொல்லி, முதல் மாதம் நிஜமாகவே அரைத் தட்டுச் சோற்றில் எழுந்துவிடுவேன். இரண்டு மாதத்தில் 3 கிலோ இறங்கியது. தீபாவளி வந்தது, முறுக்கும் நெய் உருண்டையும் நானே சுட்டு நானே ருசி பார்த்து, பொங்கலுக்குள் அந்த 3 கிலோவும் திரும்பிவிட்டது.

சிகரெட்டுக்கும் சாப்பாட்டுக்கும் இதுதான் அண்ணே வித்தியாசம். நீங்கள் அதைத் தொடவே கூடாது என்று வைத்துக்கொள்ளலாம். நான் நாளைக்கு மூன்று வேளை அதன் முன்னால் உட்கார்ந்தாக வேண்டும், பிள்ளைகளுக்கும் மாமியாருக்கும் ஆக்கிப் போட வேண்டும்.

ஒன்று மட்டும் பிடித்தது. அவர்கள் கொடுத்த ஒலிப்பதிவை வேலை விட்டு வந்ததும் கேட்பேன், நாலு மணி. அந்த நேரத்தில்தான் நான் தே தாரிக் தேநீரில் பிஸ்கட் முக்கி ஒரு பாக்கெட்டைக் காலி பண்ணுவேன், பசியால் இல்லை, அலுப்பால். இருபது நிமிஷம் கண்ணை மூடிப் படுத்தால் பிஸ்கட் ஞாபகம் வருவதில்லை. அதை இன்னும் செய்கிறேன். இப்போது 81.

பழைய பத்தாங்:

ஓய்வுபெற்ற ஆசிரியர் நான். மல்லிகை சொன்னது ஆய்வுகளோடு ஒத்துப்போகிறது. உணவுப் பழக்கத்தை மாற்றும் சிகிச்சையோடு ஹிப்னாடிசத்தைச் சேர்த்தால் எடை நன்றாகக் குறைகிறது என்று தொண்ணூறுகளில், பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பாய்வு சொன்னது. 1996ல் வேறு இருவர் அதே கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்தார்கள், கூடுதல் பலன் மிகச் சிறியது என்று தெரிந்தது. 2023 தேசியச் சுகாதார ஆய்வில் நம் நாட்டில் பெரியவர்களில் 54.4 விழுக்காட்டினர் எடை கூடியவர்கள். இத்தனை பேருக்கும் நாற்காலி போட்டுக் கண்ணை மூடச் சொல்ல முடியாது.

இரவு ஷிப்ட்:

எனக்கு ஒரே தடவையில் வேலை செய்தது. 2017, அதற்குப் பிறகு ஒன்றுகூட இல்லை. ஆனால் அதே வாரம்தான் மனைவி முழுகாமல் இருப்பது தெரிந்தது. எது காரணம் என்று இன்றுவரை எனக்கே புரியவில்லை.

புது மோட்டார்:

நான் 24 வயசு, வேப் என்கிற மின் சிகரெட்டும் உண்டு, சாதாரண சிகரெட்டும் உண்டு. எங்கம்மா ஹிப்னாடிசம் என்றால் வசியம், பொமோ (மலாய் மந்திரவாதி) வேலை என்று பயப்படுகிறார்கள். மனசைக் கட்டிப்போட்டு வேண்டாததைச் செய்ய வைப்பார்களா?

செம்பனை லோரி:

தம்பி, கட்டிப்போட மாட்டார்கள். எனக்கு எல்லாம் கேட்டது, எழுந்து போக வேண்டும் என்றால் போயிருப்பேன். ஜேம்ஸ் பிரெய்டு என்கிற ஸ்காட்லாந்து டாக்டர்தான் 1843ல் தூக்கத்துக்கான கிரேக்கச் சொல்லை வைத்து இந்தப் பெயரைப் பரப்பினார், அப்புறம் அவருக்கே இது தூக்கம் இல்லை என்று பட்டு வேறு பெயர் வைக்கப் பார்த்தார், அதற்குள் பழைய பெயர் நிலைத்துவிட்டது. அம்மாவிடம் இதைச் சொல். ஆனால் இல்லாத குரல் கேட்கிற மாதிரி மனநோய் இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் போகக் கூடாது.

காசு கொடுத்து எங்கும் போவதற்கு முன்னால் கிளினிக்குக்கு வா, பதிவுக்கு ஒரு வெள்ளிதான். வேப் பற்றியும் மறைக்காமல் சொல்லிவிடு, அதிலும் நிக்கோட்டின் இருக்கிறது. எனக்கு வெள்ளிக்கிழமை எட்டு மணிக்கு ஊதிப் பார்க்க வரச் சொல்லியிருக்கிறார்கள், போன தடவை 2 காட்டியது. ஏழரைக்குப் பெட்ரோல் நிலையம் பக்கம் நில், லோரியில் முன்சீட்டு காலிதான்.