புதுப்பிப்பு: நடுவில் கிடைத்த இரண்டு நாள்

2019 ரக்பி உலகக் கோப்பை பார்க்க ஜப்பான் வந்திருக்கிறேன். ஒய்ட்டா நகரில் அக்டோபர் 2-க்கும் 5-க்கும் நடுவே ஆட்டம் இல்லை, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தேனே? ஃபுக்குவோக்கா போகச் சொன்னவர்கள் மன்னிக்கவும், பக்கத்து வெந்நீர் ஊற்று நகரமான பெப்புவுக்கு வந்துவிட்டேன். ரயிலில் கால் மணி நேரம்கூட முழுதாக ஆகவில்லை.

முதலில் ஆட்டம். நியூசிலாந்து 63, கனடா 0. நியூசிலாந்தின் பேரட் சகோதரர்கள் மூவரும் களமிறங்கி ஆளுக்கொரு டிரை (எதிரணிக் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் ஊன்றுவது) வைத்தார்கள். மைதானக் கூரையை மூடியதால் உள்ளே ஒரே புழுக்கம். பந்து சோப்புக்கட்டி மாதிரி வழுக்கியது.

இன்று பெப்புவின் கன்னாவா பகதியில் தெருவெங்கும் பூமியிலிருந்து வரும் ஆவி. 'கடல் நரகம்' என்ற குளம் பார்த்தால் குளிக்கத் தோன்றும் நீலம், வெப்பமோ 98 டிகிரி! அதே பூமி ஆவியில் முட்டை, சர்க்கரைவள்ளிக் கிழங்கு, சோளம் வேகவைத்துச் சாப்பிட்டேன். நம் இட்லிப் பானையேதான், அடுப்பு மட்டும் இல்லை. பிறகு தாக்கெகவாரா என்ற பொதுக் குளியல் கூடத்தில் சூடான மணலுக்குள் என்னைக் கழுத்துவரை புதைத்தார்கள். எழுந்திருக்கவே மனமில்லை.

பச்சை குத்தியவர்களை வெந்நீர்க் குளியலுக்கு உள்ளே விடுவார்களா என்று கேட்டவருக்கு: எல்லா இடத்திலும் இல்லை, ஆனால் விடும் குளியல் கூடங்கள் இங்கே நிறையவே உண்டு.

நாளையும் இங்கேதான். சனிக்கிழமை ஆஸ்திரேலியா–உருகுவே.