முடக்குவாதம்: மாத்திரையுடன் முடக்கத்தான், சீந்தில், மஞ்சள் கொடுக்கலாமா?

கேள்வி:
வணக்கம். என் அம்மாவுக்கு முடக்குவாதம் (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் எனும் மூட்டு நோய்) என்று உறுதி செய்த மருத்துவர், வாரம் ஒரு முறை உட்கொள்ளும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரையைக் கொடுத்திருக்கிறார். காலையில் ஒரு மணி நேரத்திற்கும் மேலாக விரல்களை மடக்க முடியாமல் அவர் படும் பாட்டைப் பார்த்த உறவினர்கள், முடக்கத்தான் தோசை, நொச்சி ஒத்தடம், மஞ்சள் காப்ஸ்யூல், சீந்தில் பொடி என ஆளுக்கொன்று சொல்கிறார்கள். இவற்றில் எதைக் கொடுக்கலாம்?

மறுமொழி 1:
முடக்கத்தான் கீரைதான், ஊறிய புழுங்கலரிசியோடு ஒரு கைப்பிடி இலையை அரைத்துத் தோசை வார்த்துக் கொடுப்பதில் தயக்கம் வேண்டாம். நொச்சி இலையை விளக்கெண்ணெயில் வதக்கித் துணியில் முடிந்து, சூட்டைப் புறங்கையில் பார்த்துவிட்டு ஒற்றினால் விறைப்பு சற்றுத் தளரும். மூட்டு சிவந்து கொதிக்கும் நாட்களில் மட்டும் சூட்டு ஒத்தடம் கூடாது.

மறுமொழி 2:
உள்ளே கொடுப்பதில்தான் கவனம் தேவை, சகோதரி. மெத்தோட்ரெக்சேட் கல்லீரலைப் பாதிக்கக்கூடியது என்பதால்தான் அவ்வப்போது இரத்தப் பரிசோதனை செய்யச் சொல்கிறார்கள். குழம்பில் போடும் மஞ்சள் வேறு, மிளகுச் சத்தான பைப்பரின் சேர்த்து உடல் அதிகமாக உறிஞ்சும்படி செய்த காப்ஸ்யூல் வேறு. பின்னதால் கல்லீரல் பாதிக்கப்பட்ட நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. கொரோனா காலத்தில் சீந்திலைத் தொடர்ந்து குடித்த சிலருக்கும் அவ்வாறே நேர்ந்தது. மேலும், தன் மூட்டையே தாக்கும் எதிர்ப்பாற்றலை மாத்திரை அடக்க முயலும்போது, அதைத் தூண்டுவதாகக் கருதப்படும் சீந்திலைக் கொடுப்பது முரண். மஞ்சள் குறித்த ஆய்வுகளில் பெரும்பாலானவை முழங்கால் தேய்மானத்தைப் பற்றியவை; அம்மாவின் நோய் வேறு.

கேட்டவர்:
மிக்க நன்றி. பெயர் அச்சிடாத பொட்டலத்தில் ஒரு மூட்டுவலிச் சூரணமும் வந்திருக்கிறது. இரண்டே நாளில் வலி பறந்துவிடும் என்கிறார்கள்.

மறுமொழி 2:
அதைத் தொடவே வேண்டாம். இத்தகைய பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பது பலமுறை கண்டறியப்பட்டுள்ளது. அறியாமல் பல வாரம் உண்டுவிட்டுத் திடீரென நிறுத்துவதும் ஆபத்து. சித்த மருத்துவம் பார்க்க விரும்பினால், தாம்பரம் சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்திற்கு இப்போதைய மருந்துச் சீட்டையும் பரிசோதனை முடிவுகளையும் கொண்டு செல்லுங்கள். வலி குறைந்துவிட்டதென்று மெத்தோட்ரெக்சேட்டை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். வலி அடங்கியிருக்கும்போதும் மூட்டு அரிக்கப்படலாம், அவ்வாறு கோணிய விரல்களை எந்த மூலிகையும் நிமிர்த்தாது.