ஜாவா ஸ்விங்ல புது வரிசை வரல, தமிழும் கட்டம் கட்டமா வருது

போச்சம்பள்ளிக்காரன்:
கிருஷ்ணகிரில ஒரு மாங்கா மண்டிக்கு எடை பில் சாஃப்ட்வேர் பண்றேன், ஜாவா 8, ஸ்க்ரீன் ஸ்விங்ல (விண்டோ, பட்டன் செய்ற ஜாவா லைப்ரரி). புது லோடு போட்டா பேனல்ல வரிசை வரவே மாட்டேங்குது, விண்டோவ இழுத்து பெருசாக்குனா மட்டும் டக்குனு வருது. மாங்கா ரகம் 'பெங்களூரா'ன்னு தமிழ்ல போட்டா எழுத்துக்கு பதிலா வெறும் கட்டம். சீசன் ஆரம்பிச்சிடுச்சு, சீக்கிரம் சொல்லுங்கப்பா.

ஓசூர் கோடர்:
இழுத்தா வருதுன்னா லேஅவுட் (எது எங்க உக்காரணுங்கறது) திரும்ப கணக்கு போடலன்னு அர்த்தம் தலைவா. வரிசைய ஆட் பண்ணதும் பேனல்ல ரீவேலிடேட் (இடத்த திரும்ப கணக்கு போட), அப்புறம் ரீபெயின்ட் (திரும்ப வரைய), ரெண்டும் கூப்பிடணும். கட்டம் வர்றது ஃபான்ட்ல தமிழ் எழுத்தே இல்லாததால, ஏரியல் ஃபான்ட்ட தூக்கிட்டு தமிழ் இருக்குற நிர்மலா யூஐ ஃபான்ட் போடுங்க.

பாலக்கோடு தக்காளி:
கட்டம் போய் கிறுக்கலா வந்தா அது என்கோடிங் (எழுத்த ஃபைல்ல நம்பரா சேமிக்கிற முறை) பிரச்சன. விண்டோஸ்ல ஜாவா 8 சிஸ்டம் என்கோடிங்லதான் கம்பைல் பண்ணும், கம்பைலர் ஜாவாசிக்கு, தமிழும் அடங்குற என்கோடிங்கான யூடிஎஃப்-8னு நீங்கதான் சொல்லணும், ஜாவா 18லேர்ந்துதான் அது டீஃபால்ட். தராசுலேர்ந்து எடைய தனி த்ரெட்ல படிக்கிறீங்களா? அப்போ எடை காட்டுற லேபிள அந்த த்ரெட்லேர்ந்து நேரா தொடாதீங்க, இன்வோக்லேட்டர் (வேலைய ஸ்விங்கோட சொந்த த்ரெட்டுக்கு அனுப்புறது) வழியா மாத்துங்க.

போச்சம்பள்ளிக்காரன்:
ரீவேலிடேட் போட்டதும் வரிசை வந்துடுச்சு, பெங்களூராவும் தெரியுது ணா. இன்வோக்லேட்டர் இனிமேதான் பாக்கணும்.